ஈவ்லின் பிரீரை அவசரப்படுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் கறுப்பின அமெரிக்க நடிகைகளைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தமிழில் இவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு, அதனால் அதை வரவேற்கிறோம். கல்லூரித் திரைப்பட மன்றங்கள் இவர்களின் படங்களைத் திரையிட வேண்டும் என்று கட்டுரையின் கடைசியில் சொன்னதும் நல்ல யோசனை. ஆனால் அதில் ஒரு தகவல் தவறு. திரையிடுவது பற்றிச் சொல்லாமல் விட்டவையும் நிறைய இருக்கின்றன.

முதலில் தவறு. ஹாட்டி மெக்டேனியலை 'அமெரிக்கத் திரையின் முதல் கறுப்பின நடிகை' என்று கட்டுரை குறிப்பிடுகிறது. அவர் ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். 'கான் வித் த விண்ட்' படத்துக்காக 1940 பிப்ரவரி 29 அன்று அந்த விருது கிடைத்தது. விருது கொடுத்த கூடத்திலேயே, உடன் நடித்தவர்களோடு உட்காரவிடாமல் அவருக்குத் தனி மேசை போட்டிருந்தார்கள். அந்த அவமானத்தையும் தாங்கி நின்ற பெரிய கலைஞர் அவர், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் சினிமாவுக்கு வந்தது 1930களின் தொடக்கத்தில். அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கறுப்பினப் பெண் கதாநாயகியாக நடித்து, சுவரொட்டியில் பெயர் வரும் அளவுக்கு உயர்ந்திருந்தார். அவர்தான் ஈவ்லின் பிரீர். மெக்டேனியல் ஹாலிவுட்டில் காலூன்றிய அதே நேரத்தில், 1932 நவம்பரில், பிரீர் 36 வயதில் நிமோனியாவில் இறந்தார். கைக்குழந்தைக்கு அப்போது ஏழு மாதம்தான்.

பிரீருக்கு முன்னாலும் திரையில் கறுப்பினப் பெண்கள் இல்லாமல் இல்லை. 1915-இல் இயக்குநர் கிரிஃபித்தின் 'பர்த் ஆஃப் எ நேஷன்' படத்திலேயே மேடம் சூல்-டெ-வான் சிறு வேடத்தில் வருகிறார். அந்தப் படத்தில் கறுப்பினத்தவரின் முக்கிய வேடங்களை வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார்கள். அதனால் 'முதல்' என்ற சொல்லை எதற்குப் போடுகிறோம் என்று பார்த்துப் போட வேண்டும். ஒரு முழுநீளப் படத்தின் கதையையே தாங்கி நின்றவர், அடுத்தடுத்துப் படங்களில் நாயகியாக வந்தவர், கறுப்பினப் பத்திரிகைகளே 'திரையின் முதல் சீமாட்டி' என்று எழுதியவர் என்று பார்த்தால் அந்த இடம் பிரீருக்கு உரியது.

1896 ஜூலை 26 அன்று மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் பிறந்தார். தகப்பனார் இறந்தபின் தாயோடு சிகாகோ வந்து சேர்ந்தார். அங்கே ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின எழுத்தாளர் தன் நாவலைத் தானே படமாக்கக் கிளம்பியபோது அவர் கண்ணில் பட்டவர் பிரீர். 'த ஹோம்ஸ்டெடர்' 1919 பிப்ரவரியில் சிகாகோவில் வெளியானது. அடுத்த ஆண்டு 'விதின் அவர் கேட்ஸ்', அதே ஆண்டில் 'த புரூட்', பிறகு 'த கன்சாலஸ் மிஸ்டரி', 'டிசீட்', 'பர்த்ரைட்', 'த கான்ஜுர் உமன்' என்று மிஷோவின் படங்களில் நடித்தார். இவை கறுப்பினத்தவர் எடுத்து, கறுப்பினக் கொட்டகைகளில் கறுப்பின மக்களுக்காக ஓடிய படங்கள். 'ரேஸ் பிலிம்' என்று பெயர்.

நாடக மேடையில் அவர் செய்தது இதைவிடப் பெரிது. அனிதா புஷ் 1915-இல் தொடங்கி வைத்த குழுவிலிருந்து வளர்ந்தது லஃபாயெட் பிளேயர்ஸ். கறுப்பின நடிகர்கள் கோமாளி வேடத்துக்கு வெளியே கனமான பாத்திரங்களை ஏற்று நடித்த குழு அது. பிரீர் 1920-இல் அதில் சேர்ந்தார். 1923-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் ஆஸ்கர் வைல்டின் 'சலோமி' நாடகத்தில் சலோமியாக வந்தார். உடன் நடித்த எட்வர்ட் தாம்ப்சனை 1924-இல் மணந்தார். டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழுவோடு பாடிய இசைத்தட்டும் உண்டு. படங்கள் பேசத் தொடங்கியதும் 1929-இல் 'மெலன்கலி டேம்' என்ற இரண்டு ரீல் நகைச்சுவைப் படம், அடுத்த ஆண்டு 'ஜார்ஜியா ரோஸ்', 1932-இல் மார்லின் டீட்ரிச்சின் 'பிளாண்ட் வீனஸ்' படத்தில் பெயர் போடாத சிறு வேடம். மேடையில் சலோமியாக நின்றவருக்கு ஹாலிவுட் கொடுத்த இடம் அவ்வளவுதான்.

மிஷோவுக்காக அவர் நடித்த படங்களில் இன்று கையில் இருப்பது 'விதின் அவர் கேட்ஸ்' ஒன்றே ஒன்று. அதுவும் அமெரிக்காவில் கிடைக்கவில்லை. ஸ்பெயின் நாட்டு ஆவணக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற பெயரில், ஸ்பானிய எழுத்து அட்டைகளோடு (பேசாப்படத்தில் காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் அட்டைகள்) கிடந்ததை 1970களில் கண்டுபிடித்தார்கள். ஆங்கில மூல அட்டைகளில் நான்குதான் மிஞ்சியிருந்தன. மற்றவற்றையெல்லாம் ஸ்பானியத்திலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, மிஷோவின் நாவல் நடையைப் பார்த்துச் செப்பனிட்டு, 1993-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் படத்தை மீட்டது. நடுவில் ஒரு துண்டு கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் கதையைச் சொல்லும் ஓர் அட்டை மட்டும் வரும். இதை முன்கூட்டியே பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆபரேட்டர் ஏதோ துண்டை விட்டுவிட்டார் என்று கூட்டம் சத்தம் போடும்.

கதைச் சுருக்கம் இது. பிரீர் நடிக்கும் சில்வியா லாண்ட்ரி ஓர் ஆசிரியை. தென்மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி மூடப்படாமல் இருக்க 5,000 டாலர் திரட்ட வடக்கே பாஸ்டனுக்குப் போகிறாள். கடைசிப் பகுதியில் அவளுடைய பழைய கதை வருகிறது. வளர்ப்புத் தந்தை பண்ணையாரின் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுபவர். படித்த மகள் வரவு செலவைக் கணக்குப் போட்டுக் கொடுக்க, அதை எடுத்துக்கொண்டு பண்ணையாரிடம் கணக்குத் தீர்க்கப் போகிறார். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வேறொருவன் பண்ணையாரைச் சுட்டுவிடுகிறான். பழி கறுப்பினத்தவர் தலையில் விழுகிறது. வளர்ப்புத் தந்தையையும் தாயையும் கும்பல் தூக்கிலிடுகிறது. மேலூர்ப் பக்கமும் சோழவந்தான் பக்கமும் வாரச் சாகுபடியும் களத்துமேட்டுக் கணக்கும் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்தப் படம் தணிக்கையை எளிதில் தாண்டவில்லை. 1919 கோடையில் சிகாகோவில் இனக்கலவரம் வெடித்து 38 பேர் மாண்டிருந்தார்கள். மறுபடி கலவரம் வருமென்று அஞ்சித் தணிக்கைக் குழு முதலில் மறுத்தது. 1920 ஜனவரியில் வெண்டோம் கொட்டகையில் வெளியானபோது ஏறக்குறைய 1,200 அடி வெட்டப்பட்டிருந்தது. நொடிக்கு 16 கட்டம் (பிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப் படமும் ஒரு கட்டம்) என்று ஓட்டினால் 1,200 அடி என்பது 20 நிமிடப் படம். ஊருக்கு ஊர் இப்படி வெட்டி ஒட்டிய பிரிண்டுகள்தான் சுற்றி வந்தன. இன்று படம் சில இடங்களில் தாவுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரையிட நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வேகம். பேசும்படம் நொடிக்கு 24 கட்டம் ஓடும். பேசாப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், 16 முதல் 20 கட்டம் வரை இருக்கும், ஒரே படத்துக்குள்ளேயே மாறும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டம். எனவே 1,000 அடி ரீல் 24-இல் 11 நிமிடம், 18-இல் 14 நிமிடம் 50 நொடி, 16-இல் 16 நிமிடம் 40 நொடி ஓடும். 18-இல் 79 நிமிடம் ஓடும் படத்தை 24-இல் விட்டால் 59 நிமிடத்தில் தீர்ந்துபோகும். பழைய படம் என்றாலே ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்று நம் ஜனங்கள் நம்புவது இந்தத் தவறால்தான்.

பிரீர் விஷயத்தில் இந்தத் தவறு பெரும் கேடு. படத்தின் முடிவில் சில்வியாவின் வளர்ப்புத் தாய் தந்தையை எரிக்கும் தீயும், அதே நேரத்தில் பண்ணையாரின் சகோதரன் சில்வியாவைப் பலாத்காரம் செய்ய முயல்வதும் மாற்றி மாற்றி வரும். அவள் தள்ளுகிறாள், திமிறுகிறாள், விடாமல் போராடுகிறாள். அந்தப் போராட்டத்தில் அவள் மார்பில் ஒரு தழும்பு தெரிய, அவள் தன் மகளேதான் என்று அவன் உணர்ந்து பின்வாங்குகிறான். சரியான வேகத்தில் ஓட்டினால் மூச்சு வாங்குவது கூட அவர் தோளில் தெரியும். வேகம் கூடினால் அதே காட்சி சண்டைக் கோமாளித்தனமாகிவிடும், கூடத்தில் யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஒன்று போதும் படத்தைக் கொன்றுவிட.

கணினியில் ஓட்டுபவர்கள் முதலில் கோப்பின் நீளத்தைப் பாருங்கள். நல்ல பிரதிகள் 73 முதல் 79 நிமிடம் வரை இருக்கும். அப்படியானால் வேகத்தில் கைவைக்காதீர்கள், அதில் ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள். ஒரு மணி நேரமோ அதற்குக் குறைவோ என்றால் சந்தேகப்படுங்கள். ஒருவர் நடந்து வரும் காட்சியை எடுத்து, ஒவ்வோர் எட்டுக்கும் நீங்களே தரையில் காலால் தட்டிப் பாருங்கள். உங்கள் கால் திணறினால் படம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். வி.எல்.சி. பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்கினால் 24 என்பது 18 ஆகும். அப்படிக் குறைக்கும்போது ஒலியை நிறுத்திவிடுங்கள், இசை இழுபட்டு அழுவது போலக் கேட்கும்.

உண்மையான பிலிமும் பழைய தியேட்டர் புரொஜெக்டரும் கிடைத்தால் வேறு தொல்லை. அந்த மோட்டார் 24-க்கென்றே கட்டப்பட்டது. வேகக் கட்டுப்பாடு பொருத்தி 18-க்குக் குறைத்தாலும், வெளிச்சத்தை மறைத்துத் திறக்கச் சுழலும் இரண்டு இறகு ஷட்டர் நொடிக்கு 36 முறைதான் வெளிச்சத்தை வெட்டும், திரை கண்ணில் குத்தும்படி சிமிட்டும். மூன்று இறகு ஷட்டர் போட்டால் 54 ஆகும், கண்ணுக்கு நிம்மதி. வேகம் குறையக் குறைய ஒவ்வொரு கட்டமும் விளக்கின் சூட்டில் கூடுதல் நேரம் நிற்கும் என்பதால் விளக்கையும் தணிக்க வேண்டும். திரையில் விழும் படத்தின் ஓரங்களை வரையறுக்கும் கேட் தகடு பேசும்படத்துக்கானதாக இருந்தால், அதை மாற்றாமல் ஓட்டினால் ஒலிப்பட்டை இருக்கும் பக்கம் படம் வெட்டுப்படும். நாயகி இடது ஓரம் நின்றால் பாதி முகம் காணாமல் போகும்.

கூடங்களில் எல்லாரும் செய்யும் இன்னொரு பிழை படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்புவது. டிஜிட்டல் புரொஜெக்டர்கள் தாமாகவே அப்படிச் செய்யும். பேசாப்படம் 4:3 அளவு. 16 அடிக்கு 9 அடித் திரையில் படம் 12 அடி அகலம்தான் இருக்க வேண்டும், இருபுறமும் இரண்டிரண்டு அடி கறுப்பாக நிற்கட்டும். மெனுவில் 4:3 என்று வைத்துவிட்டு, படத்தில் வண்டிச் சக்கரமோ கடிகாரமோ வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வட்டம் முட்டையாகத் தெரிந்தால் இன்னும் சரியாகவில்லை.

தமிழ் எழுத்து சேர்ப்பவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். எழுத்து அட்டையின் நேரத்தோடு தமிழ் வரியும் தொடங்கி முடிய வேண்டும். வரிக்கு 35 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நம் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கில அட்டையை அப்படியே பெயர்த்தால் நேரம் பத்தாது, சுருக்கித்தான் எழுத வேண்டும். கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறிகளாக வரும். கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாகத் தொங்கினால் எழுத்துருவை மாற்றுங்கள். ஓட்டப்போகும் அதே கணினியில் முந்தைய நாளே ஒரு முறை முழுதும் ஓட்டிப் பாருங்கள்.

இதைவிடச் சிறந்தது, ஒருவர் மைக் முன் நின்று அட்டைகளைத் தமிழில் படிப்பது. பேசாப்படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளிலும் அப்படி ஓர் ஆள் நின்று படித்தார். படிப்பவர் நடிக்க வேண்டாம், படித்தால் போதும். மிஷோ சில வேலைக்காரப் பாத்திரங்களுக்குக் கொச்சை ஆங்கிலத்தில் அட்டை எழுதியிருக்கிறார். அதற்காகத் தமிழில் யாரையாவது கேலி செய்யும் வட்டார வழக்கைத் தேடிப் போடாதீர்கள், சாதாரணப் பேச்சுத் தமிழ் போதும். அட்டையில் 'நீக்ரோ' என்று வந்தால் அது 1920-இன் சொல், அப்படியே இருக்கட்டும். முன்னுரையிலும் அறிவிப்பிலும் 'கறுப்பினத்தவர்' என்றே சொல்லுங்கள்.

இசை விஷயத்தில் எங்கள் கருத்து கண்டிப்பானது. இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் யாரோ ஒட்டிய துள்ளல் பியானோ ஓடிக்கொண்டிருக்கும், அதை அணைத்துவிடுங்கள். படம் வெளியான வெண்டோம் கொட்டகையில் எர்ஸ்கின் டேட்டின் முழு இசைக்குழு நேரில் வாசித்தது. அந்த அளவுக்கு நம்மால் முடியாது. ஓர் ஆர்மோனியம், ஒரு தபலா, படத்தை இரண்டு முறை முன்பே பார்த்துவிட்ட வாசிப்பவர்கள் இருந்தால் போதும். தூக்கிலிடும் காட்சியில் இசையே வேண்டாம். உரிமை பற்றியும் தெளிவு வேண்டும். நம் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை வெளியான பின் 60 ஆண்டு, எனவே 1920 படத்தை ஓட்டத் தடையில்லை. ஆனால் புதிதாக வெளியிட்ட வட்டுகளில் சேர்த்திருக்கும் இசைக்குத் தனி உரிமை உண்டு. கட்டணம் வாங்கித் திரையிட்டால் அந்த இசையை ஒலிக்கவிடாதீர்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் நாகர்கோவில் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' நாயகி பி.கே.ரோஸி தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் கூட்டம் கொதித்தது. ஊரைவிட்டே விரட்டப்பட்டு, நாகர்கோவிலில் நடிகை என்ற அடையாளமே இல்லாமல் வாழ்ந்து முடித்தார். அந்தப் படத்தின் ஓர் அடி கூட இன்று இல்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்' படமும் இல்லை, டி.பி.ராஜலட்சுமி அதில் எப்படி நடித்தார் என்று இனி யாரும் பார்க்க முடியாது. பிரீருக்கு ஒன்றாவது மிஞ்சியிருக்கிறது.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய டூரிங் கொட்டகை, விநியோகக் கம்பெனி நடத்திய குடும்பங்கள் மதுரையிலும் திண்டுக்கல், தேனி, விருதுநகர்ப் பக்கங்களிலும் இருக்கின்றன. பரணில் பிலிம் டப்பா இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் கொடுக்காதீர்கள். பிலிம் ஓரத்தில் 'நைட்ரேட்' என்றோ 'சேஃப்டி' என்றோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். 35 மில்லிமீட்டர் படங்கள் 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலும் நைட்ரேட். அது எரிந்தால் தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. கெட்டுப்போன நைட்ரேட் பல நாள் சூட்டில் கிடந்தால் 41 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் நம் ஊர்த் தகரக் கூரைக்குக் கீழே என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கவே கூடாது. படம் பழுப்பேறி மங்கி, பிசுபிசுத்து, தேன் போலக் குமிழ் கட்டி, கடைசியில் பழுப்புப் பொடியாகும். பிசுபிசுப்பு தெரிந்தாலே டப்பாவை வீட்டுக்கு வெளியே, நிழலான காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுத் தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள். பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள்.

சேஃப்டி பிலிமில் தீப்பயம் குறைவு, ஆனால் புளித்த காடி வாடை வரும். வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது, மற்ற டப்பாக்களிலிருந்து பிரித்து வையுங்கள், ஒன்றின் ஆவி மற்றதையும் கெடுக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவது நல்லதென்று பலரும் செய்கிறார்கள், ஆவி வெளியேற வழியில்லாமல் இன்னும் சீக்கிரம் அழியும். சுருங்கிப்போன பிலிமைப் புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள். நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே பல்லும் ஓட்டையும் பொருந்தாமல் கிழியும்.

பூனாவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது பிலிம் அகலம், ஓரத்தில் உள்ள எழுத்து, வட்டம் சதுரம் முக்கோணம் போன்ற குறிகள் ஆகியவற்றைக் குறியுங்கள். கோடாக் பிலிமில் அந்தக் குறிகளை வைத்து ஆண்டைச் சொல்லிவிடலாம். சுருளின் விட்டத்தையும் எழுதுங்கள், 10 அங்குலம் என்றால் சுமார் 1,000 அடி. டப்பா மேல் ஒட்டிய பெயரை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பருத்திக் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, முதல் 20 அடியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, உள்ளே என்ன பெயர், என்ன முகம் என்று எழுதுங்கள். சில்வியா லாண்ட்ரி கிடந்த டப்பாவிலும் வேறு பெயர்தான் இருந்தது.

இப்படிக்கு,
பழைய பிலிம் பராமரிப்பிலும் திரையிடலிலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
மதுரை